நம்பர் ஒன் வழி!

2009 மார்ச், மாசக் கடைசி. மதுரை பிராஞ்சுக்கு சம்பள ஃபைல் போகவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன், "திருச்சி லைன் நல்லாத்தான் இருக்கு சார், ரவுட்டர்தான் தப்பான பக்கம் அனுப்புது" என்றான். "மதுரைக்கே லைன் அவுட்" என்றேன் நான். பதினெட்டு வருஷ சர்வீஸாச்சே! மேனேஜர் என்னைத்தான் நம்பினார்.

ரவுட்டரும் அப்படித்தான். ஒரே ஊருக்கு இரண்டு பேர் வழி சொன்னால், எது குறுக்குவழி என்று முதலில் பார்க்காது. சொன்னது யார் என்றுதான் பார்க்கும். சிஸ்கோ ரவுட்டரில் நாம் கையால் எழுதும் வழிக்கு நம்பர் 1. பக்கத்து ரவுட்டர்களிடம் விசாரித்து ஓ.எஸ்.பி.எஃப். கண்டுபிடித்த வழிக்கு 110. 'ரிப்' சொன்னால் 120. நம்பர் குறைந்தால் மரியாதை ஜாஸ்தி (பரீட்சை ரேங்க் மாதிரி). தூரம், செலவு என்று கணக்குப் பார்ப்பதெல்லாம் ஒரே ஆள் இரண்டு வழி சொன்னால்தான்.

ராத்திரி பத்து மணிக்கு, யாரும் இல்லாதபோது ரவுட்டரைத் திறந்து பார்த்தேன். போன மாசம் ஏதோ அவசரத்துக்கு நான் எழுதிய ஒரு வரி! அடுத்த ரவுட்டர் உயிரோடு இருந்ததால் அந்த வரியும் உயிரோடு இருந்தது. அதற்கப்பால் கேபிள் கட். திருச்சி வழியைக் கையில் வைத்துக்கொண்டு ஓ.எஸ்.பி.எஃப். பாவம், காத்திருந்தது. வரியை அழித்தேன். ஃபைல் போய்விட்டது.

காலையில் மேனேஜர், "என்ன சார், லைன் வந்துடுச்சா?" என்றார். பையன் என்னையே பார்த்தான்.

"லைன் இல்ல சார்... நான் எழுதின வரி. தம்பி சொன்னதுதான் சரி" என்றேன். குரல் கொஞ்சம் கம்மியாகத்தான் வந்தது.