சட்டாம்பிள்ளையும் துணைத் தோழனும்

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இருந்தான். ஆசிரியர் இல்லாத வேளையில் வகுப்பை ஆண்டவன் அவன். இளையோருக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவனும் அவனே. ஓதுபள்ளிகளிலும் உஸ்தாதின் பார்வையில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுப்பதைப் பெரியோர் அறிவர். மாணவர்க்கு மாணவரே துணையாதல் நம் மண்ணுக்குப் புதிதன்று.

1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற சிறுவர்க்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த விழைந்தார். ஆசிரியர் இணங்காமையால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே எழுத்துக் கற்பித்தார். 1797இல் இதுபற்றி அவர் இலண்டனில் நூல் வெளியிட்டபின், ‘சென்னை முறை’ என்ற பெயரில் இது இங்கிலாந்தில் பரவலாயிற்று. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்ற பெயருடன் ஒரு பள்ளி இன்றும் நடைபெறுகிறது. ஆயினும் அம்முறை அத்துணை விரைவில் பரவியதற்கு அன்பைவிடச் சிக்கனமே காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்திவிடலாம் அன்றோ?

எங்கள் துறையினர் அருகிலுள்ள நடுநிலைப் பள்ளி ஒன்றில், ஆறாம் வகுப்பினர்க்குத் துணை நிற்க முன்வந்த எட்டாம் வகுப்பு மாணவர் 12 பேருக்குப் பயிற்சியளிக்கச் சென்றோம். தம்பி தங்கையர்க்கு எவ்வாறு உதவுவீர்கள் என்று வினவினோம். “பேசுறவங்க பேரை எழுதி வைப்போம்” என்றான் ஒருவன். “சொன்னாக் கேக்கலேன்னா சார்கிட்டச் சொல்லுவோம்” என்றாள் ஒருத்தி. சட்டாம்பிள்ளை இன்னும் மறையவில்லை என்பதை உணர்ந்தோம்.

ஆதலின் கேட்கும் பயிற்சியிலிருந்தே தொடங்கினோம். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் மூன்று நிமிடம் பேச, மற்றவர் வாய் திறவாது கேட்க வேண்டும். எளியது போலத் தோன்றும். பெரியோராகிய நமக்கே அரிது! அடுத்தது கணக்கு. இளையவன் வகுத்தல் கணக்கில் தடுமாறினால் மூத்தவன் பென்சிலைப் பறித்துத் தானே போட்டு முடித்துவிடுகிறான். பென்சில் இளையவன் கையைவிட்டு நீங்கலாகாது என்று விதி வகுத்தோம். அவ்வொரு விதி செய்த வேலையை எங்கள் விரிவுரைகள் செய்யவில்லை.

நாலாவது வாரத்தில் ஒரு மாணவன் தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தான். அவனிடம் ஒப்படைக்கப்பட்ட சிறுவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வரவில்லையாம். வாசிப்பு நாளில் வயிற்றுவலி என்று வீட்டில் தங்கிவிடுவதன் காரணமும் அதுவே. “அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று அச்சிறுவன் கையைப் பற்றிக் கேட்டிருக்கிறான். மூத்தவனும் சிறுவன் யாரென்று எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்பிக்கை கெடும். சொல்லாவிடின் படிப்புக் கெடும். பதின்மூன்று வயதுத் தோளுக்கு இது சிறிய சுமையா?

அன்று முழுவதும் அதனையே பேசினோம். வகுப்பு அறிய வேண்டுவதில்லை, ஆசிரியை அறிந்தே ஆக வேண்டும் என்பது முடிவு. ஆனால் முதுகுக்குப் பின்னே சென்று சொல்வதன்று. “நானும் உடன் வருகிறேன், சேர்ந்தே போவோம்” என்று கூறி அழைத்துச் செல்வது. இரண்டு நாள் கழித்து இருவரும் சேர்ந்தே ஆசிரியையிடம் சென்றனர். மதிய உணவுக்குப் பின் அரைமணி நேரம் ஆசிரியை அவனுக்குத் தனியே எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்.

அதன்பின் பயிற்சியின் முதல் நாளிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அடி, பசி, தகாத தொடுகை, பள்ளியை நிறுத்தும் பேச்சு ஆகியவை காதில் விழுந்தால் எவருக்கும் இரகசிய வாக்குக் கொடுத்தல் ஆகாது. உடனே ஆசிரியரிடம் வர வேண்டும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் எழுதி வைக்கச் செய்கிறோம். பிறர் துயரைத் தீர்த்துவைப்பது இப்பிள்ளைகளின் கடமையன்று. உரியவரிடம் கொண்டு சேர்ப்பதே போதும்.

நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், பழகியவர்கள் ஆண்டுதோறும் விடைபெற்றுச் சென்றுவிடுகின்றனர். ஜூன் மாதத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இம்முறை 14 பேர் பெயர் கொடுத்துள்ளனர். அவர்களுள் இருவர் வாசிப்பில் பின்தங்கியவர்கள். இவர்கள் எதற்கு என்று சிலர் கேட்டனர். கல் எங்கே இடறும் என்பது இடறியவனுக்குத்தானே தெரியும்? இருவரையும் சேர்த்துக்கொண்டோம்.