கல்லாற்றங்கரையில் ஒரு சொல்லடைவு: அரபுக் கல்வியும் இசுலாமியத் தமிழாய்வும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் மலைப்பாதையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னர் அமைந்துள்ள சிற்றூர் கல்லாறு. ஆற்றின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. நீர் உருட்டி உருட்டி வழுவழுப்பாக்கிய கற்கள் ஆற்றுப்படுகை எங்கும் நிறைந்து கிடப்பதால் இப்பெயர் பொருத்தமானதே. இவ்வாறு கீழே வாமனபுரம் ஆறாக விரிந்து, சிறையின்கீழ்ப் பகுதியைக் கடந்து, அஞ்சுதெங்குக் காயலை அடைகின்றது. அக்காயற்கரையில் உள்ளது வக்கம் என்னும் ஊர். ஆறு தொடங்கும் இடத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள, அது முடியும் இடத்தின் வரலாறும் வேண்டியிருக்கின்றது.

தக்கலையைப் பூர்விகமாகக் கொண்ட தமிழாய்வாளர் ஒருவர், தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடிப்பதற்காகக் கல்லாற்றில் நண்பர் ஒருவரின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தார். இசுலாமியத் தமிழ் இலக்கியங்களில் பயின்று வரும் அரபுச் சொற்களே அவருடைய ஆய்வுப் பொருள். அச்சிட்ட தமிழ்ப் பதிப்புகளைக் கொண்டு திரட்டிய சொற்களை அட்டைகளில் எழுதி, அகரவரிசைப்படுத்தி, இரண்டு பெட்டிகளில் கொண்டுவந்திருந்தார். மூன்றாம் இயலுக்கு ‘அரபுச் சொற்களின் சிதைவு’ எனத் தலைப்பிட்டிருந்தார். அவ்வியல் ஏறத்தாழ முடிந்துவிட்டது என்பதே அவர் எண்ணம்.

பெட்டிகளோடு வேறொன்றும் இருந்தது. அது அவருடைய பாட்டி நாள்தோறும் ஓதிய அரபுத்தமிழ்க் கல்லச்சு நூலின் ஒளிநகல். மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளி கூட்டியும் குறி சேர்த்தும் புதிய வடிவங்களைச் சமைத்துக்கொண்ட எழுத்துமுறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் சமய நூல்கள் இவ்வெழுத்தில் பரவி, தமிழகத்திலும் இலங்கையிலும் பள்ளிக்கூடம் சென்றிராத பெண்கள் பலரை வாசகராக்கின. அப்பாட்டியும் அத்தகையவரே. தமிழெழுத்து அவருக்குத் தெரியாது. ஆயினும் தமிழ் படிப்பார். தமிழில் முதுகலைப் பட்டம் பெற்ற பேரனால் அந்நூலின் ஒரு வரியைக்கூடப் படிக்க இயலவில்லை. பாட்டி இருந்த காலத்தில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவுமில்லை.

அருகிலுள்ள ஊரில் அரசுப் பள்ளி அரபு ஆசிரியர் ஒருவர் இருந்தார். கேரள வழக்கில் முன்ஷி. இளமையில் மதரசாவில் அரபுமலையாள எழுத்தைக் கற்றவர். தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. நண்பர் வழியாக அறிமுகமான அவர் ஒரு மாலையில் வந்து ஒளிநகலைக் கையில் எடுத்தார். எழுத்துகள் உயிர்க்குறிகளோடு இருந்தமையால், பொருள் முழுதும் விளங்காமலே அவரால் ஒலிக்க முடிந்தது. சில சிறப்பெழுத்துகளில் மட்டும் தடுமாறினார். அரபுமலையாளத்தின் சிறப்பெழுத்துகளும் அரபுத்தமிழின் சிறப்பெழுத்துகளும் முற்றும் ஒன்றல்ல. அவர் ஒலிக்க, ஆய்வாளர் அவ்வொலியில் தமிழ்ச் சொல்லை இனங்கண்டு எழுதிக்கொண்டார். தனித்தனியே இருவராலும் படிக்க முடியாத நூலை இருவரும் சேர்ந்து படித்தனர். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் முடிந்தது.

இரண்டாம் நாள் ஆய்வாளர் தம் அட்டைகளை எடுத்துக் காட்டினார். ‘கல்பு’ என்னும் அட்டையை முன்ஷி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாரே, இது எந்தக் ‘க’?”

“‘க’ ஒன்றுதானே, மாஷே?”

“தமிழில் ஒன்று. அரபியில் நாலு.”

அரபு மொழியில் தமிழ்க் ககரத்தால் எழுதப்படத்தக்க எழுத்துகள் நான்கு உள்ளன. ஒன்று நம் ககரம் போன்றது. மற்றொன்று உள்நாக்கருகே எழும் வல்லொலி. ஏனைய இரண்டும் தொண்டையை ஒட்டி உரசி எழுபவை. அவற்றின் பெயர்களைத் தமிழில் எழுத முற்பட்டால் அப்பெயர்களே ஒன்றோடொன்று மயங்கும் என்பதால் இங்கு அவை தவிர்க்கப்படுகின்றன. உள்நாக்கொலியோடு தொடங்கும் ‘கல்பு’ நெஞ்சம். முதல் ககரத்தோடு தொடங்கும் ‘கல்பு’ நாய். அரபுத்தமிழ் நூல்களில் அரபுச் சொற்கள் பெரும்பாலும் அரபு எழுத்தமைதி கெடாமலே எழுதப்படுவதால் அங்கே ஐயம் எழுவதில்லை. அதே பாடல் தமிழெழுத்துக்கு மாற்றி அச்சிடப்படும்போது நெஞ்சமும் நாயும் ஒரே வடிவம் பெற்றுவிடுகின்றன. சூழல் பொருளை உணர்த்தும் என்று கூறி இதனைக் கடந்துவிடவும் முடியாது. அடியவன் தன்னை இறைவன் வாயிலில் கிடக்கும் நாயாக உரைத்துக்கொள்ளும் மரபு சூஃபிக் கவிதையில் உண்டு. அத்தகைய இடங்களில் பாடவேறுபாட்டைத் துணியும் பதிப்பாசிரியர் அரபு மூலவெழுத்தைப் பார்த்திருத்தல் இன்றியமையாதது. பார்த்தவர் எத்தனை பேர் என்பது வேறு வினா.

ஆய்வாளரின் பெட்டியில் ககரத்தின்கீழ் இருந்த அட்டைகள் யாவும் ஒரே கட்டாக இருந்தன. அன்றிரவே அவற்றை நான்காகப் பிரிக்கத் தொடங்கினார்.

இஃது இழப்பின் கணக்கு. ஆய்வாளரைப் பெரிதும் அசைத்தது இதற்கு நேர்மாறான மற்றொன்று. ரமளான், உளு (தொழுகைக்கு முன் கைகால் கழுவுதல், ‘ஒளு’ என்பதும் வழக்கு), லுஹர் (நண்பகல் தொழுகை) ஆகிய சொற்களைச் ‘சிதைவு’ என்னும் இயலில் அவர் முதன்மைச் சான்றுகளாக வைத்திருந்தார். ரமதான் என்றோ ரம்ஜான் என்றோ இருக்க வேண்டியது நாட்டார் நாவில் ளகரம் பெற்றுத் திரிந்தது என்பது அவருடைய விளக்கம். வடசொல்லைத் தமிழெழுத்தால் எழுதுவதற்குத் தொல்காப்பியம் கூறும் நெறியையும், நன்னூலின் தற்சம தற்பவப் பாகுபாட்டையும் அரபுச் சொற்களுக்குப் பொருத்தி, ரசூல் ‘இறசூல்’ ஆவது போன்றதே இதுவும் எனக் கொண்டிருந்தார். இறசூலுக்கு அவ்விளக்கம் செல்லும். ரமளானுக்குச் செல்லாது.

முன்ஷி இதைக் கேட்டுச் சிரித்தார். மலையாளத்திலும் ‘றமளான்’ தான், ‘வுளூ’ தான், ‘ளுஹர்’ தான் என்றார். இரண்டு மொழியாரும் ஒரே வகையாகத் தவறுவது எங்ஙனம் என்னும் கேள்வி அதன்பின்னரே ஆய்வாளருக்கு எழுந்தது.

இச்சொற்களில் ரமளான், உளு ஆகியவற்றில் உள்ள அரபெழுத்து ‘ளாது’. அரபு மொழிக்கே ‘ளாதின் மொழி’ என்றொரு பெயருண்டு. பிற மொழிகளில் காண்டற்கரிய ஒலி என அரபு அறிஞர் அதனைப் போற்றினர். எட்டாம் நூற்றாண்டின் பேரிலக்கண ஆசிரியரான சீபவைஹி, நாவின் பக்கம் கடைவாய்ப் பற்களைச் சார்வதால் அவ்வொலி பிறப்பதாக விளக்குகின்றார். இதனைப் படிக்கும் தமிழ் மாணவர் எவருக்கும், நாவிளிம்பு வீங்கி அண்பல்லையும் அண்ணத்தையும் பொருந்தும் லகர ளகரப் பிறப்பு நினைவுக்கு வரும். பிற்கால அரபு வழக்குகள் பலவற்றில் இப்பக்கவொலிப்பு மறைந்து, அழுத்தமான தகர ஒலியாக மாறிவிட்டது. பழைய ஒலிப்பின் தடம், அரபுச் சொற்களை முன்னரே கடன்பெற்ற மொழிகளில் எஞ்சியிருக்கின்றது. நீதிபதியைக் குறிக்கும் ‘அல்காளீ’ என்னும் சொல் ஸ்பானிய மொழியில் ‘அல்கால்தே’ எனப் புகுந்தபோது ஒரு லகரத்தையும் உடன்கொண்டு சென்றது. சாவக மொழியில் ‘ரமலான்’ எனவும் ‘ரமெலான்’ எனவும் வழங்குகின்றது. இறையிசைவைக் குறிக்கும் ‘ரிளா’ மலாய் மொழியில் ‘ரெலா’ ஆயிற்று. நண்பகல் தொழுகை அங்கே ‘லோகோர்’.

இவற்றோடு தமிழின் ரமளானையும் லுஹரையும் ஒருசேர வைத்து நோக்கினால், சிதைவு என்று தள்ளப்பட்டது உண்மையில் ஒரு பழைய ஓதல் மரபின் பாதுகாப்பு எனக் கருத இடமுண்டு. ரம்ஜான் என்னும் வடிவம் பாரசீக ஒலிப்பைத் தழுவி வடநாட்டு வழியே நிலத்தில் வந்தது. ரமளான் கடல்வழி வந்த ஓதல் முறையைச் சார்ந்தது. காயல்பட்டினம், கீழக்கரை, கொல்லம், கோழிக்கோடு ஆகிய துறைகள் அம்மரபைப் பகிர்ந்துகொண்டன. ‘ஆயிர மசலா’ (1572) என்னும் தமிழ்ப் பனுவலின் கதை மலாயிலும் சாவகத்திலும் வழங்குவதை ரோனித் ரிச்சி 2011இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். கதை சென்ற கடலில் ஒலிப்பும் சென்றிருத்தல் வியப்பன்று. தமிழெழுத்து நான்கு ககரங்களை ஒன்றாக்கியது உண்மை. அதே எழுத்து, அரபு நாட்டார் பலரே கைவிட்ட ஓர் ஒலிப்பை ளகரத்தில் காத்து வைத்திருக்கக்கூடும். இரண்டையும் அரபு அறியாமல் காண இயலாது.

கல்லாறு போன்ற மலையடிவாரத்தில் ஓர் அரபு முன்ஷி கிடைத்தது தற்செயல் எனத் தோன்றலாம். அப்பணியிடத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அது ஆற்றின் மறுமுனையில் தொடங்குகின்றது. வக்கத்தில் 1873இல் பிறந்த அப்துல் காதிர் மௌலவி அரபு, பாரசீகம், உருது, சமற்கிருதம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அறிந்தவர். 1905இல் ‘சுவதேசாபிமானி’ இதழைத் தொடங்கியவர். 1910இல் திருவிதாங்கூர் அரசு ஆசிரியர் இராமகிருஷ்ண பிள்ளையை நாடுகடத்தி அச்சகத்தையும் பறிமுதல் செய்தது. இச்செய்தியே பரவலாக அறியப்பட்டது. மொழிக்கல்வியில் அவர் ஆற்றிய பணி அதனினும் நீண்ட விளைவுடையது. முசுலிம் மாணவர் பயிலும் அரசுப் பள்ளிகளில் அரபு கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டு அரசை இசையச் செய்தார். சிறுவர்க்குப் பாடநூல்களும் ஆசிரியர்க்குப் பயிற்சிக் கையேடும் எழுதினார். அரபு ஆசிரியர்க்கான தகுதித் தேர்வு ஏற்பட்டபோது அதன் தலைமைத் தேர்வாளராக அமர்ந்தார். 1918இல் ‘அல் இசுலாம்’ என்னும் இதழை அரபுமலையாள எழுத்தில் நடத்தினார். ஐந்து இதழ்களே வெளிவந்தன. பெண்கள் அவ்வெழுத்தையே படித்தனர் என்பதே அவர் அதனைத் தேர்ந்ததற்குக் காரணம். 1932இல் அவர் மறைந்தார். பள்ளிகளில் அரபு ஆசிரியர் நிலை பின்னரும் எளிதில் காக்கப்படவில்லை. 1980 ஜூலை 30 அன்று மலப்புறத்தில் நிகழ்ந்த மொழிப் போராட்டத்தில் காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டுக்கு மூவர் பலியாயினர்.

1956 வரை தக்கலையும் திருவிதாங்கூர்தான். மௌலவியின் முயற்சியால் அரபு, மதரசாவுக்குள் நில்லாமல் பொதுப்பள்ளியின் பாடங்களுள் ஒன்றாயிற்று. தமிழ்ப்புறத்தில் அரபுப் புலமைக்குக் குறைவில்லை. வேலூர் பாக்கியாத்துச் சாலிகாத்தில் பயின்று ‘பாகவி’ப் பட்டம் பெற்றோர் கேரளத்திலும் பலர். குறை வேறிடத்தில் உள்ளது. அரபு கற்றோர் தமிழ்த்துறைக்கு வருவதில்லை. தமிழ் கற்றோர் அரபெழுத்தை அறிவதில்லை. இலங்கைப் பேராசிரியர் ம. மு. உவைஸ் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இசுலாமியத் தமிழ் இலக்கியப் பரப்பை வரலாறாகத் தொகுத்தளித்தார். கீழக்கரைத் தைக்கா சுஐபு ஆலிம் 1993இல் வெளியிட்ட ஆங்கிலப் பெருநூல் அரபுத்தமிழ் நூல்களை உலகறியச் செய்தது. இவர்களுக்குப் பின்னரும் கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து எனச் சிற்றிலக்கிய வகைகளை எண்ணிக்காட்டும் ஆய்வேடுகள் பெருகிய அளவுக்கு, கல்லச்சு நூலொன்றை எழுத்தெழுத்தாகப் படித்துப் பதிப்பிக்கும் முயற்சிகள் பெருகவில்லை. காரியவட்டம் வளாகத்தில் தமிழ்த்துறையும் இருக்கின்றது, அரபுத்துறையும் இருக்கின்றது. ஒருவர் மற்றவரின் வகுப்பறைக்கு நடந்து செல்லும் தொலைவுதான்.

கல்லாற்றில் படிப்பு பதினொரு மாலைகள் நடந்தது. மழை வலுத்த நாள்களில் முன்ஷி வரவில்லை. இருவரும் பிரித்தறிய மாட்டாத சில சொற்களை எடுத்துக்கொண்டு ஆய்வாளர் தக்கலைக்குச் சென்றார். பாட்டியோடு ஓதிய பெண்களுள் ஒருவர் அங்கே இருந்தார். கண் மங்கிவிட்டதால் ஒளிநகலை அவர் வாங்கவில்லை. “முன்னால் உள்ள வரியைச் சொல்லு, வாப்பா” என்றார். சொன்னதும் அடுத்த வரிகளைத் தாமே ஓதினார். இருவரும் அரபு என்று எண்ணி அகராதியில் தேடிய சொற்களுள் இரண்டு தமிழ்ச் சொற்களாக இருந்தன. எஞ்சியவற்றில் அவர் ஓதல் ஒளிநகலோடு ஒத்துவரவில்லை. எது பிழை என்று அவராலும் கூற இயலவில்லை.

மூன்றாம் இயல் மீண்டும் எழுதப்பட்டது. தலைப்பில் ‘சிதைவு’ நீக்கப்பட்டு ‘ஒலிப்பு’ என்னும் சொல் இடம்பெற்றது. சமர்ப்பிக்கும் நாள் ஓராண்டு தள்ளிப்போனது. உதவித்தொகை அதற்கு முன்னரே முடிந்தது. பின்னிணைப்பில் ககரச் சொற்கள் நான்கு நிரல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தமிழ்ப் பதிப்பில் மட்டுமே கிடைத்து, அரபுத்தமிழ் மூலம் காணக் கிடையாத சொற்கள் ஐந்தாவது நிரலில் உள்ளன. அவற்றின் எதிரே பொருள் எழுதப்பட வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது.