மலிவான எஞ்சினும் மலிவாகாத இரும்புக் கூடும்

'ஸ்ரொக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கடையில் இருப்பாக உள்ள சரக்கு என்று பொருள். ஸ்ரொக் கார் என்பதும் அவ்வளவே. பந்தயத்திற்கென்று தனியே செய்யப்படாத, எவரும் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தக்கூடிய சாதாரண மோட்டார் கார். தண்ணீர் தெளித்து இறுக்கிய மண்பாதையில் அத்தகைய கார்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவதே மண்பாதை ஸ்ரொக் கார்ப் பந்தயம். செல்வந்தர்களின் விளையாட்டாக இருந்த மோட்டார்ப் பந்தயத்திற்குள் கராஜ்காரனும் கமக்காரனும் நுழைந்த வாசல் அது.

இதைப்பற்றி நான் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மானிப்பாயில் வாழும் என் மருமகன், தமக்கையின் இளைய மகன், இருபத்திமூன்று வயதுக்காரன். விபத்தில் முகம் நசுங்கிய ஒரு பழைய நிசான் மார்ச் காரை வாங்கி வளவுக்குள் நிறுத்தியிருக்கிறான். திருத்தி வீதியில் ஓட்டுவதற்கல்ல, பந்தயத்தில் விடுவதற்கு. "மாமா, குறைஞ்ச காசிலை இதைத் தொடங்கலாமோ? நீங்கள் பேப்பர்காரர், விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்டான். அவன் அப்பால் போனபின் அக்கா தனியே வந்தார். "தம்பி, ஏலாது எண்டு சொல்லிவிடு. நீ சொன்னால் கேப்பான்" என்றார்.

இருவருக்கும் உண்மையான விடையே தேவை. பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்தது விசாரிப்பது ஒன்றைத்தான். ஆகவே விசாரித்தேன்.

இந்தப் பந்தயத்தின் வேர் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருக்கிறது. நம்மூரில் கசிப்பு என்போமே, அத்தகைய வரி செலுத்தாத சாராயத்தை மலைப்பாதைகளில் இரவோடிரவாகக் கடத்தியவர்கள், பொலிஸாரை முந்துவதற்காகத் தம் சாதாரணக் கார்களின் எஞ்சினையும் வில்லுத்தகடுகளையும் மாற்றியமைத்தனர். எவன் கார் வேகமானது என்ற வாய்ச்சண்டை வயல்வெளிகளில் பந்தயமாயிற்று. 1948இல் நாஸ்கார் என்ற அமைப்பு உருவானது. 1949 ஜூன் 19ஆம் திகதி வட கரோலைனாவின் ஷார்லட் நகரில், முக்கால் மைல் நீள மண்பாதையில், மாற்றம் செய்யப்படாத கார்களுக்கான அதன் முதற்பந்தயம் நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டனவே. பந்தயம் முடிந்து சோதித்தபோது அவருடைய 1947ஆம் ஆண்டு ஃபோர்ட் காரின் பின்பக்க வில்லுத்தகடுகள் மாற்றப்பட்டிருந்தமை தெரிந்தது. சாராயச் சுமை ஏற்றும் கார்களில் செய்யப்படும் மாற்றம் அது. வெற்றி பறிக்கப்பட்டு, லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பருக்கு வழங்கப்பட்டது. ஆரம்பக்காரன் கற்கவேண்டிய முதற்பாடம் இதுதான். வேகத்தை விட விதிப்புத்தகமே முந்தியது.

நாஸ்காரின் மேல்நிலைப் பந்தயங்கள் 1970உடன் மண்ணைக் கைவிட்டு, மீண்டும் ஒரு மண்பாதைக்கு வர 2021 வரை சென்றது. ஆனால் ஊர்ப்புற மண்பாதைகள் அங்கே ஒருபோதும் ஓயவில்லை. பிரித்தானியாவில் முதல் ஸ்ரொக் கார்ப் பந்தயம் 1954ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று லண்டன் நியூ குறொஸ் அரங்கில் நடந்தது. கனடாவில் வாழும் நம்மவர்களுக்கு இன்னும் அண்மையில் ஓரிடம் உண்டு. ஒன்ராறியோவில், ஆறு தேசப் பழங்குடியினரின் நிலத்தில் அமைந்த ஒஸ்வீக்கன் களிமண் பாதை 1996இலிருந்து இயங்குகிறது. நான்கு சிலிண்டர் கொண்ட சிறிய கார்களுக்கென்று அங்கே தனிப்பிரிவு வைத்திருக்கிறார்கள். பழைய இரும்புக்குப் போகவேண்டிய காரை வாங்கிக் கண்ணாடிகளையும் இருக்கைகளையும் கழற்றிப் பாதுகாப்புக் கூடு பொருத்திக்கொண்டு வருகிறவன் அந்தப் பிரிவில் தொடங்கலாம்.

இங்குதான் நம் நாட்டின் கணக்கு வேறுபடுகிறது. ரொறன்ரோவில் குப்பைக்குப் போகும் கார் மானிப்பாயில் ஒரு சொத்து. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், ஓடித்தேய்ந்த கார்கள்கூட வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் கைமாறின. மேலைநாட்டில் இது மலிவான விளையாட்டாக இருப்பதற்கு மலிவான பழைய கார்தான் அடிப்படை. நமக்கு அந்த அடிப்படை இல்லை. மருமகன் முகம் நசுங்கிய காரைத் தேடிப்போனதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நமக்கு இல்லாத இன்னொன்று வட்டப்பாதை. இலங்கையில் மோட்டார்ப் பந்தயம் பழையது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. மண்பாதைப் பந்தயமோ பெரும்பாலும் இராணுவத்தின் நிலங்களில் வளர்ந்தது. தியத்தலாவையில் 1993இல் தொடங்கிய ஃபொக்ஸ் ஹில் சுப்பர்குறொஸ் அவற்றுள் பெயர்பெற்றது. மேடுபள்ளமும் வளைவும் நிறைந்த மண்பாதை அது. மோட்டார் சைக்கிளும் காரும் தனித்தனிப் பந்தயங்களாக ஓடும். மருமகனுடைய மார்ச் போன்ற சிறு கார்களுக்கும் இந்நாட்டுப் பந்தயங்களில் பிரிவு உண்டு. ஆகவே 'தொடங்க முடியுமா' என்ற கேள்விக்கு விடை 'முடியும்'. 'குறைந்த காசில்' என்ற பாதிதான் சிக்கலானது.

குறைந்த காசில் எஞ்சினை ஓடவைப்பதற்கு யாழ்ப்பாணத்தவனுக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அந்த ஆண்டுகளில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஒரு சிறு போத்தலிலிருந்து மருத்துவமனைச் சேலைன் குழாய் வழியாகப் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு குறைவு. அழுத்தம் கூடிய எஞ்சினில் அது காலத்திற்கு முன்பே வெடித்து பிஸ்ரனை அடிக்கும். பழைய பிரித்தானிய எஞ்சின்களின் அழுத்த விகிதம் ஏழுக்குச் சற்று மேலே மட்டுமே இருந்ததால் அவை தாக்குப்பிடித்தன. எரியாத எண்ணெய் கீழே வடிந்து மசகெண்ணெயில் கலக்கும் என்பதால் அதை அடிக்கடி மாற்றவேண்டும். இவை எல்லாவற்றையும் எந்தக் கல்லூரியிலும் படிக்காத கராஜ்காரர்கள் கண்டுபிடித்தார்கள். செய்தி தேடிப்போன நாள்களில் அந்தப் புகைக்குள் அமர்ந்து நானும் பலமுறை பயணம் செய்திருக்கிறேன்.

மருமகனின் காரைத் திருத்தித்தர முன்வந்தவரும் அந்தத் தலைமுறைக் கராஜ்காரர் ஒருவர்தான். எஞ்சினைப் பற்றி அவர் பேசியபோது நான் வியந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து, "கூட்டுக்கு என்ன, தண்ணிக் குழாய் கிடக்குது, வளைச்சு ஒட்டிவிடலாம்" என்றார். அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பந்தயக் காரின் உள்ளே சாரதியைச் சூழ்ந்திருக்கும் இரும்புக் கூடு, கார் புரளும்போது கூரை தலைமேல் நசுங்காமல் தாங்குவதற்காக இருக்கிறது. சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனத்தின் விதிப்படி அதன் பிரதான வளைவு தையலற்ற உருக்குக் குழாயாலானதாக இருக்கவேண்டும். 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும், அல்லது 50 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் ஆகக் குறைந்த அளவு. கூட்டின் ஒவ்வொரு காலும் காரின் தகட்டில் நேரே நிற்கலாகாது. குறைந்தது 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகட்டின்மேல் நிற்கவேண்டும். இல்லாவிடில் கார் கவிழும்போது கூடு தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். தண்ணீர்க் குழாய் தண்ணீரைக் கொண்டுசெல்வதற்கானது. அதன் நெடுகிலும் ஓடும் தையல், அடிபட்டால் பிளக்கக்கூடிய கோடு. நாகம் பூசிய குழாயைச் சுரண்டாமல் ஒட்டினால் ஒட்டும் பலவீனமாகும், ஒட்டுகிறவரின் நெஞ்சுக்குள்ளும் நச்சுப்புகை போகும்.

தலைக்கவசத்திலும் இதே கதைதான். மோட்டார் சைக்கிள் கவசம் கையில் இருக்கிறதே என்பான் இளைஞன். கார்ப் பந்தயத்திற்கான கவசத்தின் உட்துணி தீயைத் தாங்குவது. கூட்டின் கம்பியில் தலை மோதும் அடியையும் கணக்கில் கொண்டு அது சோதிக்கப்படுகிறது. ஆசனப் பட்டிக்கும் ஆயுள் உண்டு. சம்மேளனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டிகளில் அவை காலாவதியாகும் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும்.

எனவே மருமகனுக்கு நான் எழுதிக்கொடுத்த வரவுசெலவுத் திட்டம் தலைகீழானது. முதற்காசு தலைக்கவசத்திற்கு. அடுத்தது கூட்டுக்கு. பின்னர் ஆசனம், பட்டி, தீயணைப்பான், வெளியிலிருந்தும் மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடிய ஆளி. அதன்பின் ரயர். எஞ்சினுக்கு எது மிஞ்சுகிறதோ அது. மண்பாதையில் எஞ்சினின் பலம் முதல் ஆண்டில் பெரிதாக உதவாது. சில்லு மண்ணைப் பிடிக்காதபோது கூடுதல் பலம் வெறும் புழுதியாகத்தான் பறக்கும். காற்று வடிகட்டியில் மண் அடையாமலும் றேடியேற்றரில் சேறு அப்பாமலும் பார்த்துக்கொண்டால், கடைசிச் சுற்றுவரை ஓடி முடிப்பதே புதியவனுக்குப் போதிய வெற்றி. சாதாரண எஞ்சினை வைத்து என்ன செய்யலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்தி, எல்லோருக்கும் ஒரே மாதிரியான மலிவுப் பந்தயக் காரை உருவாக்கினார். பின்னாளில் 2005இல் ஃபோர்முலா வண்ணில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அவ்வகைக் காரில் ஓட்டிப் பழகியவர்.

இவ்வளவும் காரின் உள்ளே இருப்பவனைப் பற்றியது. வெளியே நிற்பவன் கதை வேறு.

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் ஃபொக்ஸ் ஹில் மீண்டும் நடந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலம், நுழைவு இலவசம், பெருங்கூட்டம். ஒரு கார் கவிழ்ந்தது. மஞ்சள் கொடி காட்டப்பட்டது. அதன் பின்னர் இன்னொரு கார் பாதையை விட்டு விலகி ஓரத்தில் நின்றவர்கள்மீது பாய்ந்தது. ஏழு பேர் இறந்தனர். அவர்களில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. பந்தயப் பணியில் நின்றவர்களும் இறந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களில் என் அக்காவும் ஒருவர். அவருடைய அச்சத்தைத் தாயின் பேதைமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

நம் ஊரிலும் இந்த ஆபத்து புதிதல்ல. குடாநாட்டின் உண்மையான மண்பாதைப் பந்தயம் மாட்டுவண்டிச் சவாரிதான். புழுதி கிளம்ப இரட்டை மாடுகள் பாயும்போது சனம் கோட்டை நெருக்கிக்கொண்டு நிற்கும். மாடு விலகினால் ஓடவேண்டியதுதான். ஆனால் சவாரிக்காரர்கள் ஒன்றை நன்றாக அறிந்திருக்கிறார்கள். மாடுகளைத் தரம் பிரித்து, சமமானதைச் சமமானதோடு விடுகிறார்கள். ஏழையின் சோடி பணக்காரனின் சோடியோடு ஓடித் தோற்று வீட்டுக்குப் போகத் தேவையில்லை. ஒஸ்வீக்கனில் சிறு கார்களுக்குத் தனிப்பிரிவு வைத்திருப்பதும் இதே அறிவுதான். குறைந்த காசுக்காரனைக் களத்தில் நிறுத்திவைப்பது அவனுடைய சாமர்த்தியமன்று, நேர்மையாக வகுத்த பிரிவு.

மருமகனிடம் 'ஏலாது' என்று நான் சொல்லவில்லை. கூடு முறைப்படி அமையும்வரை எஞ்சினில் கைவைக்காதே என்றேன். அதற்கிடையில் பந்தயம் ஓடும் ஒருவரின் குழுவில் ரயர் கழற்றப் போ, ஒரு பருவம் கொடிபிடித்து நில், போட்டி உரிமத்திற்கான விதிகளைப் படி என்றேன். முகம் சுளித்துக்கொண்டு ஒப்புக்கொண்டான். கூட்டுக்குரிய குழாயின் விலையைக் கேட்டபின் மோட்டார் சைக்கிளை விற்கப் போவதாகச் சொல்கிறான். அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் 'ஏலாது' என்று சொல்லியிருந்தால் அவன் வேகம் அடங்கியிருக்காது. மானிப்பாயிலிருந்து காரைநகர் போகும் வீதியில் மாலைவேளைகளில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், இளைஞர்களின் பந்தயம் இப்போது எங்கே நடக்கிறதென்று. அங்கே கூடும் இல்லை, கொடியும் இல்லை, எதிரே வருவது பாடசாலைப் பிள்ளையின் சைக்கிளா என்று பார்க்கவும் நேரமில்லை.

வடக்கில் ஒரு சிறு மண்பாதை அமைப்பது எட்டாத காரியமல்ல. அதற்கு நிலம் வேண்டும், வீடுகளிலிருந்து விலகியிருக்க வேண்டும். புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கவேண்டும் என்பதால், நிலத்தடி நீரையே நம்பி வாழும் குடாநாட்டில் அந்தத் தண்ணீரையும் கணக்கிடவேண்டும். மாரிக்குப் பிந்திய சில வாரங்களில் மட்டும் ஓடினால் அதுவும் ஓரளவு சமாளிக்கக்கூடியதே. புலம்பெயர்ந்த நண்பர்கள் விளையாட்டரங்குகளுக்கும் கோவில் தேர்களுக்கும் உதவுகிறார்கள், இதற்கும் யாரேனும் முன்வரலாம். அப்படி வருகிறவர்களிடம் ஒரேயொரு வேண்டுகோள். பாதையை வெட்டுமுன் மண்ணணையை எழுப்புங்கள். வேலியை அதற்கும் அப்பால் போடுங்கள். சனம் வேலிக்கு வெளியே நிற்கட்டும். அதன்பின் எந்தக் கார் வேண்டுமானாலும் ஓடட்டும்.