அண்ணாமலையின் பின்புறம்

திருவண்ணாமலைக்குச் செல்லும் யாத்திரிகர்களில் பலர் மலையின் கீழ்த்திசை முகத்தை மட்டுமே தரிசித்துத் திரும்புகிறார்கள். 217 அடி உயர ராஜகோபுரமும் கடைத்தெருவின் ஆரவாரமும் அந்தப் பக்கத்தில்தான். மலையின் பின்புறத்தைக் காணும் பாக்கியம் கிரிவலம் வருவோருக்கே வாய்க்கிறது. 14 கிலோமீட்டர் பாதையில் பாதி வழி கடந்தால் அடிஅண்ணாமலை என்னும் சிற்றூர் எதிர்ப்படும். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளியது இத்தலத்தில்தான் என்பது நெடுநாள் வழக்கு. முன்னதாக விழித்த பெண்கள், உறங்கும் தோழியின் வாசலில் நின்று அவளையும் அழைத்துக்கொண்டு நீராடப் போகும் பாட்டு அது.

அந்த அடிஅண்ணாமலையில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின், படகேறி ராமேசுவரக் கரை சேர்ந்த குடும்பங்கள் நம் மாகாணத்தின் பல மாவட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. அரசாங்கம் 2021-ஆம் ஆண்டில் இவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் சூட்டியபோது, 100-க்கு மேற்பட்ட முகாம்களில் 50,000-க்கு மேற்பட்டோர் வசித்து வந்தனர்.

இங்கு வந்த பெண்மணிகள் எல்லோரும் எழுத்தறியாதவர்கள் என்று எண்ணிவிடலாகாது. இலங்கையில் 1945 முதலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் கல்வியில் கொண்ட பற்று உலகறிந்தது. ஆனால் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. அங்கே பள்ளிக்கூடம் நெடுங்காலம் பெயரளவுக்கே இருந்தது. தாய் கொழுந்து பறிக்கப் போனால் பெண் குழந்தை வீட்டைக் காக்க வேண்டும். பின்னர் யுத்தம் வந்து, ஊர் ஊராக அலைந்த சிறுமிகளின் படிப்பையும் பாதியில் அறுத்தது. ஆகவே ஒரே முகாமில், நன்கு கற்றவளும் கையெழுத்திடத் தெரியாதவளும் அடுத்தடுத்த குடிசைகளில் வாழ நேர்ந்தது.

இந்த அண்டை வாழ்வே மருந்தும் ஆயிற்று. 1984-இல் திரு. சா. செ. சந்திரகாசன் முதலானோர் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளுக்கு அகதிகளே தொண்டு செய்வது என்னும் கொள்கையை மேற்கொண்டது. கற்றவர் கல்லாதவர்க்குச் சொல்லிக் கொடுப்பதற்கு இதைவிடத் தக்க ஏற்பாடு ஏது? வெளியிலிருந்து வரும் உபாத்தியாயரிடம் கூசும் பெண், தன்னைப்போலவே கடல் கடந்து வந்த ஒருத்தியிடம் கூச்சமின்றிச் சிலேட்டை நீட்டுவாள்.

எழுத்தறிவு இவர்களுக்கு வெறும் அலங்காரமா? 1992-இல் நடந்ததைப் பாருங்கள். முந்திய ஆண்டு ராஜீவ் காந்தி படுகொலையுண்ட பின், அகதிகளை இலங்கைக்குத் திருப்பியனுப்பும் வேலை மும்முரமாயிற்று. சுயவிருப்பத்தோடு போவதாக ஒரு படிவத்தில் ஒப்பமிட வேண்டும். அப்படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன என்றும், பொருள் விளங்காமலே பலர் ஒப்பமிட்டனர் என்றும் மனித உரிமை அமைப்புகள் குறை கூறின. விருப்பம் மெய்யானதுதானா என்று விசாரிக்க, அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. யுத்த பூமிக்குத் திரும்புவதா, இங்கேயே தங்குவதா என்பது உயிர் சம்பந்தமான கேள்வி. அதற்கு ஒரு தாய் சொல்லும் விடை, அவளால் வாசிக்க முடியாத தாளில் பெருவிரல் ரேகையாகப் பதிவது எத்தனை பெரிய அநியாயம்!

ஆகையால் இவர்களுக்குக் கற்பிப்போர் அரிச்சுவடியோடு நின்றுவிடக் கூடாது. தன் பெயர், குழந்தையின் பெயர், பிறந்த ஊர், பிறந்த தேதி என்று தொடங்கி, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, வங்கிச் சீட்டு வரை வாசிக்கப் பழக்க வேண்டும். 1991-இல் புதுக்கோட்டையில் கிராமத்துப் பெண்களிடையே ஓங்கிய அறிவொளி இயக்கமும் அன்றாட வாழ்க்கைச் சொற்களிலிருந்தே பாடத்தைத் தொடங்கிற்று. அதே சமயம், தமிழச்சியிடம் ஒப்பம் கேட்கும் தாள் தமிழில் இருக்க வேண்டும் என்பது அதிகாரிகளின் கடமை. அது இல்லாவிடில் எந்த வகுப்பும் பாதிப் பயனே தரும்.

பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் அடிஅண்ணாமலையைக் கடந்து நடக்கிறார்கள். படித்த குடும்பத்துப் பெண்களும் அவர்களிடையே உண்டு. திருவெம்பாவைத் தோழியர், உறங்குபவளை விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் குளத்துக்குப் போகவில்லை. அந்தப் பாட்டை மார்கழிதோறும் ஓதும் நமக்கு, எழுத்தறியாத சகோதரியின் வாசலில் சற்று நின்று அழைக்கும் கடமை இல்லையா?