மோதிரம் கழலவில்லை என்றாயே

தென்காசி
ஞாயிறு காலை

அன்புள்ள மலருக்கு,

அக்கா எழுதுகிறேன். நேற்று போனில் பேசும்போது பக்கத்தில் ஆள் இருந்ததால் நீ பாதியை முழுங்கிவிட்டாய் என்று உன் குரலிலேயே தெரிந்தது. நானும் "இப்பவே போய் பிரஷர் பார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நீ போய்ப் பார்த்து எண்ணை அனுப்பிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. மிச்சத்தை இதில் எழுதுகிறேன். படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் கொடு. உன் அத்தைக்கும் அவரே வாசித்துக் காட்டட்டும்.

கால் வீக்கத்துக்கு நான் அவ்வளவு கவலைப்படவில்லை. தையல் மிஷினில் நாளெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் ஆறாம் மாதத்தில் கணுக்காலில் நீர் இறங்கத்தான் செய்யும். ராத்திரி படுத்து எழுந்தால் வடிந்துவிடும். என்னை உலுக்கியது அந்த மோதிரம்தான். சோப்புப் போட்டும் கழலவில்லை, விடியும்போதே இமை தடித்திருக்கிறது, அதோடு விடாத தலைவலி என்றாய். இருபது வாரம் தாண்டிய எந்தப் பெண் இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னாலும் வார்டில் நாங்கள் முதலில் எடுப்பது பிரஷர் கருவியைத்தான். "நல்ல நீர்தான், சுகப்பிரசவம் ஆகும்" என்று உன் அத்தை ஆசையாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் முகத்திலும் கையிலும் ஏறுகிற நீரைக் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது மலர், என்னாலும் முடியாது.

உனக்கு 132/84. 140/90-க்குக் கீழே இருப்பதால் பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள், அது சரி. ஆனால் உன் அட்டையில் மூன்றாம் மாதம் எழுதியிருப்பதைப் புரட்டிப் பார். 100/60. நடு மாதங்களில் பிரஷர் பொதுவாகக் கொஞ்சம் இறங்கும். உனக்கு ஏறியிருக்கிறது. நோய் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, அடுத்த மாதச் செக்கப் வரை சும்மா இருக்காதே என்கிறேன். நாளைக்கே அந்த அட்டையோடு டாக்டரைப் பார். பிறகு அவர் சொல்கிறபடி வாராவாரமாவது பார்க்க வேண்டியிருக்கும். மாடி ஏறிய மூச்சோடு கையை நீட்டாதே. ஐந்து நிமிஷம் முதுகு சாய்த்து, கால்மேல் கால் போடாமல் உட்கார். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் சிறுநீரில் ஆல்புமின் பார்க்கச் சொல்லிக் கேள்.

ஆல்புமின் எதற்கு என்று கேட்பாய். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் ஆரம்ப மாதங்களிலேயே நன்றாக அகல வேண்டும். சிலருக்கு அகலாது. அதனால் பின்னால் உடம்பு முழுக்க ரத்தக்குழாய்கள் இறுகிப் பிரஷர் ஏறும். சிறுநீரகம் புரதத்தை வெளியே கசியவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெஸ்ட் டியூபில் முக்கால் அளவு சிறுநீர் எடுத்து, மேல்பக்கத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். அடியில் தெளிவாக இருக்கும், மேலே முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி திரண்டு வரும். சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்ட பிறகும் கலையவில்லை என்றால் ஆல்புமின். இப்போது ஒரு பட்டையை நனைத்து நிறம் பார்த்தால் முடிந்தது.

எங்கள் வார்டுக்கு 26 வாரத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வலது விலாவுக்குக் கீழே வலி. வாய்வு என்று நினைத்து வீட்டில் பகல் முழுக்க ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி கண்ணில் பூச்சி பறக்கிறது என்றதும்தான் வண்டி பிடித்திருக்கிறார்கள். வந்தபோது 170/110. அது கல்லீரலில் இருந்து வந்த வலி. வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, பிரஷருக்கும் மருந்து கொடுத்து, 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவள் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை. அந்த வீட்டில் பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. பகலிலேயே ஒருவர் பிரஷர் பார்த்திருந்தால் என்று எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதனால் இந்தத் தலைவலி இன்னும் விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல் வயிறு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ராத்திரி என்று பார்க்காதே. பிரஷர் 160/110 தொட்டால் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. ரத்தம் பட்டாலும், தண்ணீர் கசிந்தாலும், வயிறு விட்டு விட்டு இறுகினாலும், ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலும் அப்படித்தான். எழும்போது அடிவயிற்றில் சுளீர் என்று இழுப்பது வளர்கிற கருப்பையைத் தாங்கும் தசைநார். அதற்குக் கவலை வேண்டாம், ஒருக்களித்து மெதுவாக எழு.

வீட்டில் உனக்கு உப்பை நிறுத்திவிட்டார்களாமே. வேண்டாம், வழக்கம்போல் அளவாகப் போட்டுச் சாப்பிடு. பார்லிக் கஞ்சி பிடித்தால் குடி, ஆனால் அது பிரஷரை இறக்கும் என்று நம்பி உட்காராதே. கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக முழுங்காமல் நேரம் விட்டுப் போடு. தலைவலிக்குக் கடையில் கேட்டு எதுவும் வாங்காதே.

மோதிரத்தை இழுத்துப் பார்க்காதே. நகைக்கடையில் வெட்டித் தரச் சொல். கல்யாண மோதிரத்தை வெட்டுவதா என்று அத்தை யோசித்தால், வளைகாப்புக்கு நான் புதிது செய்து கொண்டுவருகிறேன் என்று சொல்லு. நாளைக்குப் பிரஷர் பார்த்ததும் எண்ணை அனுப்பு. இந்த வாரம் எனக்கு நைட் டூட்டி, விழித்துத்தான் இருப்பேன், எந்நேரமானாலும் கூப்பிடு.

உன் அக்கா