உளியும் ஸ்பானரும்

கெடாவின் சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. பால்மரம் வெட்டியவர்கள் வேறு தொழில் தேடினர். அவர்களுள் சிலர் கார்ப் பட்டறைகளில் ஸ்பானர் பிடித்தனர்.

கார் இயந்திரத்தின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையே மெல்லிய தகடு ஒன்று உண்டு. அதன் பெயர் ஹெட் கேஸ்கட். அது பழுதானால், குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கலந்து பால் தேநீர்போல் தோன்றும். புதியதைப் பொருத்தும்போது, திருகாணிகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, படிப்படியாக, உரிய அளவில் முறுக்க வேண்டும். அளவு தவறினால் மீண்டும் கசியும்.

ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும் என்றறிந்த கைகளுக்கு இந்த நிதானம் புதிதன்று. அதிகம் படிக்காதவரும் தம் பணி அனுபவத்தை ஆதாரங்களுடன் மெய்ப்பித்து மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். தோட்டம் மறையலாம்; அங்குப் பழகிய கைத்திறன் மறைவதில்லை.