கணக்கில் எழுதாத மழை

வணிகவியல் பட்டம் பெற்றுக் கோவில்பட்டிக்குத் திரும்பியபோது, நிருவாகம் முழுவதும் என் கைப்பெட்டியில் அடங்கிவிட்டதாக எண்ணினேன். கையால் தீப்பெட்டி செய்யும் ஆலையொன்றில் மேலாளர் பணி கிடைத்தது. "முதலில் ஓராண்டு குச்சி அடுக்குபவர்களோடு இருந்து தொழிலைப் பார், தம்பி" என்றார் அத்தா. அது எனக்குத் தகுதிக் குறைவாகத் தோன்றியது.

ஐப்பசியில், வடநாட்டு வணிகர் ஒருவருக்குப் பெருஞ்சரக்கு அனுப்ப நாள் குறித்துக் கையெழுத்திட்டேன். "அடைமழைக் காலம் ஐயா, மருந்து தோய்த்த குச்சி காயாதே" என்றார் ஒரு மூதாட்டி. நான் செவிசாய்க்கவில்லை. இத்தொழில் கரிசல் பூமியில் வேரூன்றியதே இதன் வறண்ட வெயிலை நம்பித்தான் என்பதை மறந்தேன். வானம் மூடிக்கொண்டது. சரக்குப் போகவில்லை. செய்த வேலைக்கேற்பக் கூலி வாங்கும் பெண்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினர். என் பேரேட்டில் அந்த நட்டத்துக்குப் பத்தியே இல்லை.

அன்றிரவு அத்தா, சிவகாசியின் அய்ய நாடாரையும் சண்முக நாடாரையும் நினைவூட்டினார். 1922-ல் அவர்கள் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றார்கள். தாமே கற்றுத் திரும்பிய பின்னரே தொழில் தொடங்கினார்கள்.

இன்று என் மகள் வணிக மேலாண்மை பயில்கிறாள். பட்டம் வேண்டும், கணிப்பொறியும் வேண்டும். ஆயினும் விடுமுறையில் அவளைக் கடலைமிட்டாய்க் கூடத்துக்கு அனுப்புகிறேன். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற அப்பண்டத்தின் பாகுப்பதத்தை அவள் விரல் அறியட்டும். வியர்வை உலருமுன் கூலி தர வேண்டுமென்பது நாமறிந்த நபிமொழி. அக்கூலிக்கு வழி காண்பதே மேலாளரின் முதற்பாடம்.